நிலக்கரியை விட்டு பயோமாஸுக்குப் போனால் பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது?

கருத்தரங்கு_மாணவன்

வணக்கம். முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். புதைபடிவ எரிபொருளிலிருந்து உயிர்த்திரளுக்கு, அதாவது பயோமாஸுக்கு மாறுவதன் பொருளாதார விளைவுகள் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். இதுவரை படித்த அறிக்கைகளில் பாதி ஒரே பாட்டுப் பாடுகின்றன: வேலை பெருகும், இறக்குமதிச் செலவு குறையும், கழிவு காசாகும். மீதிப் பாதியில் காடு அழியும், உணவு விலை ஏறும் என்ற எச்சரிக்கை. ஒரு டன் சரக்கு ஆலை வாசலுக்கு வந்து சேரும்போது யாருக்கு என்ன கிடைக்கிறது, யார் என்ன இழக்கிறார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கொதிகலன்

தம்பி, பாய்லர் பக்கம் நின்றவன் சொல்கிறேன். முதலில் டன் கணக்கை விடுங்கள். வாங்குவது டன்னில் என்றாலும் நமக்கு வேண்டியது வெப்பம். நல்ல நிலக்கரி ஒரு டன்னில் 24, 25 ஜிகாஜூல் இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டில் 17. வைக்கோலில் 14 பக்கம். வெட்டியவுடன் வரும் பச்சை மரச் சில்லில் பாதி எடை தண்ணீர், 8 அல்லது 9 தேறினால் அதிகம். அந்தத் தண்ணீருக்கும் லாரி வாடகை கொடுக்கிறோம். பிறகு அதை ஆவியாக்கித் துரத்த அதே எரிபொருளைச் செலவழிக்கிறோம். டன் விலை குறைவாக இருக்கிறதே என்று மாறிய ஆலைகள் பல, ஒரு டன் நீராவிக்கு என்ன ஆகிறது என்று போட்டுப் பார்த்த பிறகுதான் விழித்துக்கொண்டன.

அடுத்தது சாம்பல். வைக்கோல் வகைச் சரக்கில் பொட்டாசியமும் குளோரினும் கூடுதல். பொட்டாசியம் இருந்தால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே இளகி, குழாய்களில் அப்பிக் கிளிங்கராக இறுகிவிடும். குளோரின் குழாயையே அரிக்கும். உடைத்து எடுக்க பாய்லரை நிறுத்தும் ஒவ்வொரு நாளும் வருமானம் போச்சு.

கிடங்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலக்கரியை வெட்டவெளியில் கொட்டலாம். பெல்லட் நனைந்தால் மரத்தூள் கூழ்தான், ஆகவே மூடிய கிடங்கு வேண்டும். மூடிய கிடங்கில் குவியல் தானாகச் சூடேறும், தூசி வெடிக்கும். பிரிட்டனில் டில்பரி மின்நிலையத்தை 2011-ல் நிலக்கரியிலிருந்து மரப் பெல்லட்டுக்கு மாற்றினார்கள். 2012 பிப்ரவரியில் பெல்லட் சேமிப்பில் பெருந்தீ. 2013-ல் நிலையமே மூடப்பட்டது. தீ மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காப்பீட்டுக்காரர்கள் இதையெல்லாம் மறப்பதில்லை.

ஐயப்பேர்வழி

மானியம் இல்லாமல் நிற்காது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமே ஐயா.

பிரிட்டனின் டிராக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு யார்க்‌ஷயரில் இருக்கும் பெரிய மின்நிலையம், முன்பு நிலக்கரியில் ஓடியது. ஆறு அலகில் நான்கை மரப் பெல்லட்டுக்கு மாற்றினார்கள், சுமார் 2,600 மெகாவாட். பெல்லட்டில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அவற்றில் ஒரு அலகுக்கு, ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு 100 பவுண்டு என்று 2012 விலைமட்டத்தில் அரசு உறுதி கொடுத்தது. மற்றவற்றுக்கு வேறு வகை மானியம். 2025 பிப்ரவரியில் அறிவித்த அடுத்த ஏற்பாடு 2027 முதல் 2031 வரை. அதில் விலை 113 பவுண்டு, அதுவும் 2012 விலைமட்டத்தில்தான். ஆனால் நிலையம் தன் முழுத் திறனில் 27 விழுக்காட்டுக்கு மேல் ஓடக்கூடாது என்று கட்டு. காற்றும் வெயிலும் இல்லாத நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம், மற்ற நேரத்தில் இந்த விலைக்கு வேண்டாம் என்று அரசே சொன்னதாகத்தான் நான் படிக்கிறேன்.

இதில் "இறக்குமதி குறையும்" எங்கே வந்தது? நிலக்கரிக்குப் பதில் மரம் இறக்குமதி. அவ்வளவுதான்.

பசுங்கணக்கு

டிராக்ஸ் ஒரு ஓரம். அதை வைத்து முழுத் துறையையும் அளக்காதீர்கள்.

ஸ்வீடனைப் பாருங்கள். 1991-ல் கரிம வரி கொண்டுவந்தார்கள். மரம் எரிப்பவனுக்குக் காசு கொடுப்பதைவிட எண்ணெய் எரிப்பவனிடம் காசு வாங்குவது முக்கிய வழியாயிற்று. நகரங்களுக்கு வெந்நீர்க் குழாய் வழியே சூடு அனுப்பும் நிலையங்கள் எண்ணெயிலிருந்து மரக்கழிவுக்கு மாறின. அங்கே மர அறுவை ஆலையும் காகித ஆலையும் ஏற்கெனவே இருந்தன. பட்டையும் தூளும் காகிதக்கூழ் காய்ச்சியபின் மிஞ்சும் கருஞ்சாறும் ஆலைக்குள்ளேயே கிடந்தன, யாரும் காட்டுக்குள் போய்ப் பொறுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, மின்சாரம் மட்டும் எடுத்தால் மரத்திலுள்ள ஆற்றலில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கிடைக்கும். மிச்ச வெப்பத்தையும் பயன்படுத்தினால் 80 விழுக்காட்டைத் தாண்டலாம். அதே விலைக்கு வாங்கிய அதே டன், ஆனால் விற்கக் கிடைக்கும் ஆற்றல் இரட்டிப்புக்கு மேல்.

ஆகவே மானியமா இல்லையா என்று கேட்காமல், சரக்கு எங்கே குவிந்திருக்கிறது, வெப்பத்தை வாங்க ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

வரப்போரம்

வயல் பக்கம் யாரும் பேசலையே, நான் சொல்றேன்.

வைக்கோல் சும்மா கிடக்குது, அள்ளிக்கிட்டு வந்தா போதும்னு எழுதறவங்க அறுப்பு நேரத்துல ஒரு நாள் வயல்ல நிக்கணும். அறுத்ததுக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவுல இருக்கற நாள் ரொம்பக் கொஞ்சம். அதுக்குள்ள காயணும், கட்டு போடற மெஷின் வரணும், ஏத்தணும். எல்லா வயலுக்கும் ஒரே வாரத்துல மெஷின் வேணும், மத்த மாசமெல்லாம் அது சும்மா நிக்கும். அதோட தவணையை யார் கட்டறது? வைக்கோல் விலைதான் கட்டுது.

வருஷம் பூரா ஓடற ஆலைக்கான சரக்கு சில வாரத்துல வந்து முடிஞ்சுடும். அதை வாங்கிப் பத்து மாசம் வச்சிருக்கணும். முடங்கின பணத்துக்கு வட்டி, இடவாடகை, எலி, மழை, தீ. ஆலைக்காரர் இதை ஏத்துக்க மாட்டார், நமக்கு ஏத்துக்கத் தெம்பு இல்ல. நடுவுல ஒருத்தர் வந்து ஏத்துக்கறார். லாபமும் அங்கேதான் தங்குது. அவரைத் திட்டல, அந்த ஆபத்துக்கு அது கூலி. "விவசாயிக்கு வருமானம்"னு அறிக்கையில போடறப்ப அந்த வரியில எத்தனை பேர் நிக்கறாங்கன்னு சேர்த்துப் போடுங்க.

மண்ணைப் பத்தி ஒரு வார்த்தை. வைக்கோல்ல போற பொட்டாசியத்தைத் திரும்ப உரமா வாங்கணும். கொதிகலன் ஐயா குழாயில ஒட்டுதுன்னு திட்டறாரே, அந்தப் பொட்டாசியம்தான் இது.

கருத்தரங்கு_மாணவன்

எல்லோருக்கும் நன்றி. ஆலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா? பெரிதாகக் கட்டினால் அலகுச் செலவு குறையும் என்றுதான் எங்களுக்குப் பாடம்.

கொதிகலன்

அந்தப் பாடம் இங்கே பாதிதான் செல்லும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்.

10 மெகாவாட் ஆலை, ஆண்டில் 80 விழுக்காடு ஓடுகிறது என்றால் சுமார் 70,000 மெகாவாட் மணி மின்சாரம். திறன் 25 விழுக்காடு என்று வைத்தால் உள்ளே போக வேண்டிய வெப்பம் 2,80,000 மெகாவாட் மணி, ஏறக்குறைய 10 லட்சம் ஜிகாஜூல். டன்னுக்கு 14 ஜிகாஜூல் என்றால் 72,000 டன் வைக்கோல்.

ஹெக்டேருக்கு 2 டன் அள்ள முடியும் என்று கொள்வோம். 36,000 ஹெக்டேர், அதாவது 360 சதுர கிலோமீட்டர். ஆனால் சுற்றுவட்டத்தில் எல்லா நிலமும் அந்தப் பயிர் இல்லை, எல்லோரும் விற்கவும் மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் பயிர், அதில் மூன்றில் ஒருவர் விற்கிறார் என்றால் 3,240 சதுர கிலோமீட்டர். ஆலையை நடுவில் வைத்தால் 32 கிலோமீட்டர் ஆரம்.

இதையே 50 மெகாவாட் ஆக்கினால் ஆரம் 72 கிலோமீட்டர் ஆகிவிடும். இயந்திரச் செலவு அலகுக்குக் குறையும், உண்மை. ஆனால் ஒவ்வொரு டன்னும் இரண்டு மடங்குக்கு மேல் தூரம் வருகிறது, அதுவும் காற்றடைத்த பஞ்சு மூட்டை போன்ற சரக்கு. லாரி எடைக்கு முன்னால் இடத்தில் நிரம்பிவிடும். நிலக்கரி ஆலையில் இந்தத் தொல்லை கிடையாது, சுரங்கம் ஒரே இடத்தில் இருக்கிறது, ரயில் வருகிறது. பயோமாஸ் ஆலைகள் பெரும்பாலும் சில பத்து மெகாவாட்டோடு நிற்பதற்கு இதுதான் காரணம். டிராக்ஸ் மாதிரி பெரிதாக வேண்டுமென்றால் பெல்லட்டாக அழுத்திக் கப்பல் ஏற்ற வேண்டும். அழுத்தும் செலவு தனி.

சந்தைக்காரி

கொதிகலன் ஐயா கணக்கில் விலையை நிலையாக வைத்துவிட்டார். சந்தையில் அது நிற்காது.

மரத்தூளுக்கு ஏற்கெனவே வாங்குபவர்கள் இருந்தார்கள்: துகள்பலகை செய்பவர்கள், காகிதக்காரர்கள், கால்நடைக் கொட்டிலில் விரிப்பவர்கள். பெல்லட் ஆலை வந்ததும் எல்லோருக்கும் விலை ஏறியது. ஐரோப்பாவில் பலகை ஆலைகள் நீண்ட காலமாகப் புலம்புவது இதைப் பற்றித்தான்: மானியம் வாங்குபவனோடு மானியம் இல்லாத நாங்கள் எப்படி ஏலம் கேட்பது? மரத்தை முதலில் பொருளாக்கு, கடைசியில் எரி என்ற வரிசைமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் திருத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தில் சேர்த்ததன் பின்னால் இந்தச் சண்டையும் உண்டு.

விலை நிலவரத்துக்கு 2022 போதும். ரஷ்ய மரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஏப்ரலில் தடை போட்டது. எரிவாயு விலை ஏறவும் மக்கள் பெல்லட்டுக்கு ஓடினார்கள், பெல்லட் விலையும் எகிறியது. புதைபடிவ எரிபொருளின் விலையாட்டத்திலிருந்து தப்பிக்கத்தான் மாறுகிறோம் என்று சொன்னவர்கள் அந்தக் குளிர்காலத்தில் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள். மாற்றுப் பொருள் என்றாலே இரண்டு விலையும் கயிறு கட்டியதுபோல் சேர்ந்து போகும்.

விற்பவனுக்கும் சுகம் இல்லை. உலகின் மிகப் பெரிய மரப் பெல்லட் உற்பத்தியாளராக இருந்த என்விவா 2024 மார்ச்சில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. நீண்டகால ஒப்பந்தம் போட்டால் செலவு ஏறும்போது விற்பவன் மாட்டுவான். போடாவிட்டால் வாங்குபவன் மாட்டுவான். கச்சா எண்ணெய்க்கு இருப்பதுபோல் ஆழமான முன்பேரச் சந்தை இதற்கு இல்லை, ஆபத்தைத் தள்ளிவிட இடமில்லை. கட்டுரையில் இதற்குத் தனிப் பத்தி கொடுங்கள் தம்பி.

ஐயப்பேர்வழி

மானியம் என்றதும் எனக்கு வடக்கு அயர்லாந்துதான் நினைவுக்கு வரும். இதைத் தெரியாமல் யாரும் மானியத் திட்டம் எழுதக்கூடாது.

2012-ல் புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கான ஊக்கத்தொகைத் திட்டம் தொடங்கினார்கள். நிறுவனங்கள் எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு பெல்லட் பாய்லர் வைத்தால், உண்டாக்கும் ஒவ்வொரு அலகு வெப்பத்துக்கும் பணம், இருபது ஆண்டுக்கு. பிரிட்டனின் மற்ற பகுதியில் இதே திட்டத்தில் ஒரு தடுப்பு இருந்தது: ஆண்டில் 1,314 மணிநேரம் முழுத் திறனில் ஓடியதற்குச் சமமான அளவு தாண்டினால் விகிதம் மளமளவென்று குறையும். வடக்கு அயர்லாந்தில் அந்தப் படிநிலையை விட்டுவிட்டார்கள். சிறு பாய்லர்களுக்குக் கிடைத்த தொகை பெல்லட் விலையைவிட அதிகம். அப்புறம் என்ன? எரிக்க எரிக்க லாபம். தேவையில்லாத கட்டடங்களைச் சூடாக்கினார்கள் என்ற குற்றச்சாட்டுகள் குவிந்தன. "சாம்பலுக்குக் காசு" என்றே பெயர் வந்துவிட்டது. 2016 பிப்ரவரியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தினார்கள். அதற்குள் வருங்காலக் கடப்பாடு பல நூறு மில்லியன் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, ஆட்சியே கவிழ்ந்தது. மூன்று ஆண்டு அமைச்சரவை இல்லை. விசாரணை அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது.

எரிபொருள் இலவசமாக இருந்தால் உற்பத்திக்கு மானியம் கொடுத்தாலும் ஆபத்து குறைவு, காற்றாலை கூடுதலாகச் சுற்றினால் யாருக்கு நட்டம்? எரிபொருளை விலைக்கு வாங்கும் தொழிலில் விகிதம் ஒரு பென்னி தவறினாலும் வீணாக எரிப்பதே வியாபாரமாகிவிடும்.

பசுங்கணக்கு

அது திட்டம் எழுதியவர்களின் கோளாறு ஐயப்பேர்வழி, மரத்தின் கோளாறு அல்ல. படிநிலை இருந்த இடத்தில் ஆட்சி கவிழவில்லையே.

ஐயப்பேர்வழி

கவிழாததெல்லாம் லாபம் என்றால் சரி.

கருத்தரங்கு_மாணவன்

வாகன எரிபொருள் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. எத்தனால் கதை வேறா?

பசுங்கணக்கு

கதை வேறு, கணக்கு அதே. பிரேசிலைப் பாருங்கள். 1973 எண்ணெய் அதிர்ச்சிக்குப் பிறகு 1975-ல் புரோ ஆல்கூல் திட்டம். கரும்பிலிருந்து எத்தனால். கரும்பின் பெரிய வசதி, சக்கை. சாறு பிழிந்த சக்கை ஆலைக்குள்ளேயே கிடக்கிறது, அதை எரித்தே ஆலை ஓடுகிறது, மிச்ச மின்சாரம் விற்பனைக்கு. அதனால்தான் உள்ளே போகும் புதைபடிவ ஆற்றலைப் போல் பல மடங்கு வெளியே வருகிறது. மக்காச்சோள எத்தனாலில் அந்த மிச்சம் மிகக் குறைவு, காய்ச்சி வடிக்க எரிவாயு வாங்க வேண்டும்.

ஆனால் பிரேசிலுக்கும் அடி விழுந்தது. எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தது. 1989 வாக்கில் சர்க்கரை விலை கவர்ச்சியாக இருந்ததால் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பின. எத்தனாலில் மட்டும் ஓடும் கார் வாங்கியவர்கள் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றார்கள். நம்பிக்கை போய் அந்தக் கார் விற்பனையே படுத்துவிட்டது. 2003-ல் எந்தக் கலவையிலும் ஓடும் கார் வந்த பிறகுதான் மீண்டது. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. பங்க்கில் நிற்கும் ஓட்டுநர் அதை மனதில் வைத்து அன்றன்றைக்கு எது மலிவோ அதை நிரப்பிக்கொள்கிறார். விலை ஆபத்தை அரசும் ஆலையும் சுமக்காமல் வாகனமே சுமந்தது. இதைவிடப் புத்திசாலித்தனமான தீர்வு இந்தத் துறையில் நான் பார்க்கவில்லை.

ஐயப்பேர்வழி

எதிர்ப்பக்கத்தையும் வையுங்கள். அமெரிக்கா 2005-ல் வாகன எரிபொருளில் உயிரி எரிபொருளைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்து 2007-ல் விரிவாக்கியது. 2022-க்குள் 3,600 கோடி கேலன். அதில் 1,600 கோடி தண்டு, புல், மரம் போன்ற நார்ப்பொருளிலிருந்து வர வேண்டும் என்று சட்டம். அதன் பக்கத்தில்கூட வரவில்லை. கான்சஸில் அபெங்கோவா நிறுவனத்தின் நார்ப்பொருள் எத்தனால் ஆலை 2014-ல் திறந்து அடுத்த ஆண்டே நின்றது. அயோவாவில் டுபான்ட் 2015-ல் திறந்தது, 2017-ல் கைவிட்டது. சட்டம் போட்டால் தொழில்நுட்பம் ஓடிவரும் என்று நினைத்தார்கள்.

வந்தது என்னவோ மக்காச்சோளம்தான். நாட்டின் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. 2007 ஜனவரியில் மெக்சிகோவில் டோர்டியா என்ற மக்காச்சோள ரொட்டியின் விலைக்காகத் தெருவில் இறங்கினார்கள்.

சந்தைக்காரி

அதில் ஒரு திருத்தம். ஆலைக்குப் போகும் சோளம் முழுவதும் மறைந்துவிடுவதில்லை. எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எத்தனால் வடித்தபின் மிஞ்சும் சக்கையாக மாட்டுத் தீவனத்துக்குத் திரும்புகிறது. 2007-08 விலையேற்றத்தில் எண்ணெய் விலை, வறட்சி, ஏற்றுமதித் தடைகள் எல்லாம் கலந்திருந்தன. எத்தனாலுக்கு எவ்வளவு பங்கு என்பதில் பொருளாதார அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. திசையில் தகராறு இல்லை, அளவில்தான்.

லாபம் எங்கே தங்கியது என்று கேட்டீர்களே, பெரும்பகுதி நிலத்தில். சோளம் விலை ஏறினால் நிலத்தின் விலையும் குத்தகையும் ஏறும். ஜெர்மனியில் சாண எரிவாயு, அதாவது பயோகாஸ் ஆலைகளுக்கு மக்காச்சோளம் பயிரிட்டால் கூடுதல் தொகை என்று 2004-ல் விதி வந்தது. அந்தப் பகுதிகளில் குத்தகை ஏறியது. சொந்த நிலம் வைத்திருந்தவர் சிரித்தார், குத்தகைக்கு எடுத்து மாடு வளர்த்தவர் அழுதார். 2012-ல் சோளத்தின் பங்குக்கு உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

வரப்போரம்

இது நூத்துக்கு நூறு. சொந்த நிலம் இல்லாதவனுக்கு இந்த மாற்றம் இன்னொரு போட்டியாளர், அவ்வளவுதான்.

நெறியாளர்

மரம் எரித்தால் வரும் கரியமில வாயு எத்தனை ஆண்டில் சரியாகும் என்ற சண்டைக்குத் தனி இழை திறந்து, இங்கிருந்த நான்கு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே பொருளாதாரம் மட்டும்.

ஐயப்பேர்வழி

நெறியாளர் அவர்களே, அதுவும் பொருளாதாரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத்தில், நிலைத்தன்மை விதிகளுக்கு உட்பட்ட பயோமாஸுக்கு உமிழ்வு பூஜ்யம் என்று கணக்கு. மரம் வெட்டிய நாட்டின் நிலக்கணக்கில் அது பதிவாகும் என்பது வாதம். நிலக்கரி எரிப்பவன் உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் உரிமச்சீட்டு வாங்குகிறான், மரம் எரிப்பவன் வாங்குவதில்லை. அந்தப் பூஜ்யம் மாறினால் மாற்றிய ஆலைகளின் ஐந்தொகை ஒரே இரவில் மாறும். இதைவிடப் பெரிய பொருளாதார எண் இந்த இழையில் இல்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றுகல்

புதிதாக வருகிறேன், ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. உலகில் சுமார் 210 கோடிப் பேர் இன்னும் விறகு, சாணம், கரி போன்றவற்றைத் திறந்த அடுப்பிலோ திறன் குறைந்த அடுப்பிலோ எரித்துச் சமைக்கிறார்கள். வீட்டுப் புகையால் 2020-ல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்கள் பயோமாஸை விட்டு எரிவாயுவுக்குப் போக ஆசைப்படுகிறார்கள், எதிர்த்திசையில். விறகு இலவசம் என்று கணக்கில் வருவதற்குக் காரணம், பொறுக்கும் பெண்ணின் நேரத்துக்கு யாரும் விலை போடவில்லை. வேலைவாய்ப்பு அத்தியாயத்தை இங்கிருந்து தொடங்கினால் வேறு மாதிரி வரும்.

கொதிகலன்

நல்ல பேச்சு. வேலைவாய்ப்பு என்பதே செலவை மறுபக்கம் நின்று பார்ப்பதுதான். திரவ உயிரி எரிபொருளில் 2023-ல் உலக அளவில் சுமார் 28 லட்சம் வேலைகள் என்று சர்வதேச புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை கணக்கிட்டது, பிரேசிலுக்கு அதில் பெரும் பங்கு. ஆனால் அங்கே கரும்பு வெட்ட இயந்திரம் வந்ததும் வெட்டுக்கூலிகளின் வேலைதான் முதலில் போனது. மலிவாக்கினால் வேலை குறையும், வேலை கொடுத்தால் மலிவாகாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வாக்குறுதி கொடுக்கும் அறிக்கையைக் கண்டால் அடுத்த பக்கம் புரட்டிவிடுங்கள்.

கருத்தரங்கு_மாணவன்

கட்டுரையின் வரைவையே மாற்றப்போகிறேன். நன்மை, தீமை என்று பிரிக்காமல், சரக்கு ஏற்கெனவே குவிந்திருக்கும் இடம், தேடிப் பொறுக்க வேண்டிய இடம், அதற்கென்றே பயிரிட வேண்டிய இடம் என்று மூன்றாகப் பிரிக்கலாமா? ஒப்பந்தங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் யாராவது சொல்லுங்கள்.

சந்தைக்காரி

பிரிப்பு சரி. ஒப்பந்தத்தில் முதலில் ஈரப்பதப் பிரிவைப் பாருங்கள். விலை டன்னுக்கா, ஜிகாஜூலுக்கா? மாதிரி எடுப்பது யார், ஏற்றும் இடத்திலா, ஆலை வாசலிலா? வழியில் மழை பெய்தால் கூடும் எடை யார் கணக்கில்?

வரப்போரம்

எங்க கணக்குல வந்ததே இல்லீங்க. ஈரம்னு சொல்லிக் கழிப்பாங்க, காஞ்சு போனா எடை கம்மின்னும் கழிப்பாங்க.

கொதிகலன்

ஜிகாஜூலுக்கு விலை வைத்தால் இரண்டாவது கழிவு நிற்கும். காய்ந்து எடை குறைந்தாலும் வெப்பம் போகாதே. ஆனால் லாரிக்கு லாரி மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், சிறிய ஆலைகள் அந்தச் செலவுக்குத் தயங்கும். அப்படித் தயங்கும் இடத்தில் ஈரப்பதப் படிநிலை அட்டவணையாவது ஒப்பந்தத்தோடு இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள் தம்பி. என்னிடம் பெயர்கள் நீக்கிய மாதிரி ஒன்று இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.